கிம் சாம்சூன்: ஒரு கொரிய நாடகத்தின் குணமும் குறையும்



இன்று உங்களோடு ஒரு நாடகத்தைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். அது தமிழ் நாடகம் அன்று. ஆங்கில நாடகமும் அன்று. தென் கொரிய நாட்டிலே 2005ஆம் ஆண்டில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, அந்நாட்டு மக்களைச் சிரிக்கவும் அழவும் வைத்த ஒரு நகைச்சுவைக் காதல் நாடகம். 'என் பெயர் கிம் சாம்சூன்' என்பது அதன் தலைப்பு. பாடசாலை அதிபர் ஒருவருக்கும் இத்தகைய நாடகத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். அதற்கு விடையாக ஒரு சிறு நிகழ்ச்சியை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

என் பாடசாலையின் உயர்தர வகுப்பில் ஒரு மாணவி படிக்கின்றாள். அவளுக்கு இட்ட பெயர் அவளுடைய பாட்டியாரின் பெயர். பழைய காலத்துப் பெயர். இக்காலத்துப் பிள்ளைகளிடையே வழங்காத பெயர். புதிய ஆசிரியர் ஒருவர் வகுப்புக்கு வந்து பெயர் கேட்கும்போது, அவள் எழுந்து நின்று பெயரைச் சொல்லிவிட்டுத் தானே முதலிற் சிரிப்பாள். மற்றவர்கள் சிரிக்குமுன் தான் சிரித்துவிட்டால் அவர்களுடைய சிரிப்புத் தன்னைச் சுடாது என்பது அவள் எண்ணம் போலும். சென்ற ஆண்டு பரீட்சை விண்ணப்பப் படிவம் நிரப்பும் வேளையில் அவள் என் அறைக்கு வந்து, பெயரை மாற்றிக்கொள்ள வழியுண்டா என்று கேட்டாள். ஏன் மாற்றவேண்டும் என்றேன். அப்பொழுதும் சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. யோசித்துச் சொல்லுகின்றேன் என்று அனுப்பிவிட்டேன்.

இதனை வீட்டிலே சொல்லிக்கொண்டிருந்தபோது, என் சகோதரியின் மகள், "மாமா, இது சாம்சூனுடைய கதை அல்லவா? நீங்கள் அதைப் பார்க்கத்தான் வேணும்" என்றாள். பதினாறு பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அடியில் ஓடும் ஆங்கில எழுத்துக்களின் துணைகொண்டு விடுமுறை நாட்களில் அவற்றைப் பார்த்து முடித்தேன். விளையாட்டாகத் தொடங்கியவன், முடிவிலே சற்றுச் சிந்தனையோடு எழுந்தேன். அச்சிந்தனையையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

கொரிய நாடகம் நம் நாட்டுக்குப் புதியதன்று. அரண்மனைச் சமையற்கூடத்தில் வளர்ந்து மருத்துவத்தில் உயர்ந்த ஜாங்கும் என்னும் பெண்ணின் வரலாற்று நாடகம், 2012ஆம் ஆண்டளவில் ரூபவாகினியிலே சிங்கள மொழியில் ஒளிபரப்பாகியபோது, எத்தனையோ இல்லங்கள் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தன. அந்த நாடகத்தைத் தயாரித்த எம். பீ. சீ. நிறுவனமே 'கிம் சாம்சூன்' நாடகத்தையும் ஒளிபரப்பியது. 2005ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி தொடங்கி யூலை மாதம் 21ஆந் திகதி வரை, புதனும் வியாழனுமாக அது நடைபெற்றது. ஜி சூஹியோன் எழுதிய நாவலைத் தழுவிக் கிம் டோவூ உரையாடல் எழுத, கிம் யூன்சொல் இயக்கினார். இறுதிப் பகுதியின்போது, கணக்கெடுக்கப்பட்ட இல்லங்களிற் பாதிக்கு மேற்பட்டவை அதனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நாட்டின் பாதி மக்கள் ஒரே வேளையில் ஒரு பெண்ணின் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள் எனின், அவர்கள் எதைக் கண்டு சிரித்தார்கள் என்பது ஆராயத்தக்க வினாவேயாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். சாம்சூன் ஒரு சாதாரணக் குடும்பத்தின் மூன்றாவது பெண். 'சாம்' என்றால் மூன்று; 'சூன்' என்பது சாதுவானவள் என்னும் பொருள் தருவது. கொரியரின் செவிக்கு இது நாட்டுப்புறத்துப் பழம்பெயர்; கேட்டவுடன் இதழ்க்கடையிற் சிரிப்பை வரவழைக்கும் பெயர். அவளுக்கு வயது முப்பதை எட்டிவிட்டது. உடலோ சற்றுப் பருமன். பரிசு மாநகருக்குச் சென்று கேக்கு முதலிய பண்டங்கள் செய்யும் தொழிலை முறையாகக் கற்றுத் திரும்பியவள். நத்தாருக்கு முதல் நாள் இரவு, தன் காதலன் வேறொரு பெண்ணோடு விடுதியில் இருப்பதை அவள் கண்டுபிடிக்கின்றாள். அழுது கண்மை கரைந்தோடிய முகத்தோடு, இடந் தெரியாமல் ஆடவர் கழிவறைக்குள் புகுந்துவிட்ட நிலையிலே, கதைத் தலைவனாகிய ஜின்ஹொனை முதன்முதற் சந்திக்கின்றாள். காதற் கதையொன்று தொடங்குவதற்கு இதைவிடப் பொருந்தாத இடம் இருக்க முடியாது.

ஜின்ஹொன் செல்வர் வீட்டுப் பிள்ளை. அவனுடைய தாயார் பெரிய ஹொட்டேல் ஒன்றின் உரிமையாளர். அவன் பிரெஞ்சு உணவகம் ஒன்றை நடத்துகின்றான். சாம்சூனின் கைத்திறனைக் கண்டு அவளை வேலைக்கு அமர்த்துகின்றான். தாயார் ஓயாமற் பெண் பார்க்கச் சொல்லி வற்புறுத்துவதால், அவரை வாயடைக்க ஒரு போலிக் காதலி அவனுக்குத் தேவைப்படுகின்றாள். தந்தையை இழந்த சாம்சூனின் குடும்பத்துக்கோ குடியிருந்த வீடு கடனில் முழுகும் நிலை. ஐந்து கோடி வொன் பணத்துக்குப் போலிக் காதல் ஒப்பந்தமாகின்றது. போலி மெல்ல மெய்யாகும் தறுவாயில், மூன்று ஆண்டுகளுக்கு முன் சொல்லாமற் பிரிந்துபோன அவனுடைய உண்மைக் காதலி திரும்பி வருகின்றாள். அவளுடைய பெயர் ஹீஜின். சாம்சூன் தன் பெயரை எந்தப் பெயராக மாற்ற வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் ஆசைப்பட்டாளோ, அதுவே ஹீஜின் என்னும் பெயர். இதுவே கதையின் முடிச்சு.

இனி, இந்நாடகத்தின் குணமும் குறையும் யாவை என்று பார்ப்போம். நகைச்சுவைக்கு அளவுகோல் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணியபோது நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்றார். இவற்றுள் எள்ளல் என்பதற்குப் பொருள்கூற வந்த உரைகாரர், அதனை இரண்டாகப் பகுத்துக் காட்டுகின்றார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. எத்துணை நுட்பமான பகுப்பு! முன்னையது வலியவனின் சிரிப்பு; பின்னையது வலிபட்டவனின் சிரிப்பு. என் மாணவி வகுப்பிலே சிரித்த சிரிப்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சாம்சூனின் சிரிப்பும் அத்தகையதே. இந்நாடகம் அவளோடு சேர்ந்து நம்மைச் சிரிக்க வைக்கும் இடங்கள் அதன் குணங்கள். அவளைப் பார்த்து நம்மைச் சிரிக்க வைக்கும் இடங்கள் அதன் குறைகள். என்னுடைய தீர்ப்பு முழுவதும் இந்த ஒரு கோட்டின்மேல் நிற்பது.

முதலிற் குணங்களைக் கூறுகின்றேன்.

முதலாவது குணம், கதைத் தலைவியின் படைப்பு. இதற்குச் சில ஆண்டுகளின் முன் கொரியாவிலே புகழ்பெற்ற காதல் நாடகங்களை எண்ணிப் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் 'இலையுதிர்கால'க் கதையிலும், 2002ஆம் ஆண்டின் 'குளிர்காலக் காதற் பாடல்' நாடகத்திலும் தலைவியர் மெலிந்த மேனியர், மென்மையான மொழியினர், கண்ணீரே அணிகலனாய்க் கொண்டவர். சாம்சூனோ வாய் நிறையப் பேசுகின்றாள். கோபம் வந்தால் வைகின்றாள். பசி வந்தால் நள்ளிரவிற் பெரிய கிண்ணத்திலே சோற்றைப் பிசைந்து வயிறார உண்கின்றாள். இப்பாத்திரத்தை ஏற்ற கிம் சொனா, அதற்காகவே தம் உடல் எடையைக் கூட்டிக்கொண்டு நடித்தார். அழகாகத் தோன்றவேண்டும் என்னும் கவலையைக் கைவிட்ட நடிப்பு அது. வீதியிலே, பேருந்திலே, அயல் வீட்டிலே நாம் காணும் ஒரு பெண்ணைத் திரையின் நடுவே நிறுத்தியது இந்நாடகத்தின் துணிவு.

இரண்டாவது குணம், தொழிலுக்கு அது தரும் மதிப்பு. காதற் கதைகளில் வரும் பெண்களுக்குத் தொழில் என்பது பெரும்பாலும் பெயரளவிலேயே இருக்கும். சாம்சூனுக்குத் தொழிலே முதுகெலும்பு. மாவின் பதமும் சூட்டின் அளவும் அவளுக்குத் தெரியும். காதலனை இழந்த பின்னரும் அவள் அடுப்படியிலே நிற்கின்றாள். உணவகத்தின் உரிமையாளன் அவனாயினும், அங்கே கேக்குச் செய்யும் மேசை அவளுடைய ஆட்சிக்குட்பட்டது. பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டுக்குரிய நிலைக்களன்களிற் கல்வியை முதலிற் கூறினார் தொல்காப்பியனார். சாம்சூனின் பெருமிதம் அந்தக் கல்வியினின்றே பிறக்கின்றது. இறுதியில் தன் தமக்கையோடு சேர்ந்து சொந்தமாகத் தொழில் தொடங்கவும் அவள் துணிகின்றாள். அத்தமக்கையும் மணவாழ்வு முறிந்து தாய்வீடு திரும்பியவள். அவளை அழுகைப் பதுமையாக்காது, அறிவும் துடுக்கும் உள்ள பெண்ணாகவே நாடகம் காட்டுகின்றது.

மூன்றாவது குணம், நோயாளியிடத்துக் காட்டும் நேர்மை. ஹீஜின் பிரிந்து சென்றதன் காரணம் பின்னரே தெரியவருகின்றது. அவளுக்கு வயிற்றிலே புற்றுநோய். அதனை மறைத்து, சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றிருந்தாள். பழைய நாடகமாயின் அவளைக் கடைசிப் பகுதியில் இறக்கச் செய்து, தலைவனையும் தலைவியையும் எளிதிற் சேர்த்து வைத்திருக்கும். இந்நாடகம் அவளை வாழவிடுகின்றது. வாழும் ஒருத்தியை விட்டு வேறொருத்தியிடம் மனம் சென்றுவிட்டது என்னும் உண்மையை ஜின்ஹொன் எதிர்கொள்ள வேண்டியதாகின்றது. ஹீஜினைக் கெட்டவளாகவும் காட்டவில்லை. ஜொங் ரியோவொன் நடித்த இப்பாத்திரம் இறுதிவரை நம் இரக்கத்தையும் மதிப்பையும் இழக்கவில்லை.

நான்காவது குணம், கேட்டல் என்னும் பண்பின் பெருமை. ஜின்ஹொன் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளாகி, அவன் தமையனும் தமையனின் மனைவியும் இறந்தார்கள். அவர்களுடைய சிறுமகள் மீஜூ அன்றிலிருந்து வாய் பேசுவதில்லை. அக்குழந்தையை முன்னிட்டு 'மோமோ' என்னும் கதைநூல் நாடகத்திலே இடம்பெறுகின்றது. ஜெர்மானிய எழுத்தாளர் மீக்காயேல் எண்டே 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அது. அதன் தலைவியாகிய சிறுமிக்கு இருந்த ஒரே செல்வம், பிறர் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் ஆற்றல். நாடகம் வெளியான பின்னர் அந்நூல் கொரியாவிலே பெருந்தொகையாக விற்பனையானது. வானொலியில் நின்று பேசும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தந்தது. முகங் காணாமற் கேட்பவர்களின் அருமையை அறிந்தவர்கள் நாங்கள் அல்லவா? பேசாத குழந்தையைப் பேசு பேசு என்று வற்புறுத்துவோர் பலர். அருகில் அமர்ந்து காத்திருப்போர் சிலரே. ஆசிரியர்களாகிய நாங்களும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

ஐந்தாவது குணம், சிரிப்பினிடையே நாடகம் சற்று நின்று மூச்சு விடுகின்ற இடங்கள். ஒரு காட்சியைச் சொல்லுகின்றேன். மனம் உடைந்த சாம்சூன் தனியே மதுவருந்திக்கொண்டு இருக்கையில், இறந்துபோன தந்தை எதிரே வந்து அமர்ந்திருப்பதாகக் காண்கின்றாள். முப்பது வயதாகியும் தன் நெஞ்சு இன்னும் இறுகவில்லையே, அது கல்லாகிவிட்டால் நோவாவது தெரியாதே என்று தந்தையிடம் முறையிட்டு அழுகின்றாள். அதுவரை அவளுடைய வாய்த்துடுக்கைக் கேட்டுச் சிரித்திருந்த நமக்கு, அச்சிரிப்புக்கெல்லாம் அடியில் என்ன கிடந்தது என்பது அப்போது புலனாகின்றது. பிறர் எள்ளத் தான் நகும் நகைக்கும் அழுகைக்கும் இடையிலுள்ள தூரம் மிகச் சிறிது என்பதை இந்தக் காட்சி காட்டுமாறு வேறொன்று காட்டியதை நான் கண்டதில்லை.

இனிக் குறைகளுக்கு வருகின்றேன். நல்ல நாடகம் என்பதனாலேயே அதன் குறைகளை மறைத்தல் ஆகாது.

முதற் குறை, பழைய வாய்பாடு. ஏழைப் பெண்ணுக்குச் செல்வர் மகன். பொய்யாகத் தொடங்கிய காதல் மெய்யாதல். மகனுக்கு ஏற்றவளல்லள் என்று தடுக்கும் தாய். இவை எத்தனையோ கதைகளில் நாம் கண்டவை. ஒப்பந்தத் திருமணம் பற்றிய நாடகமொன்று இதற்கு முந்திய 2004ஆம் ஆண்டிலேயே கொரியாவில் வெற்றிபெற்றிருந்தது. தன் கையால் உழைத்து நிமிரவல்ல ஒரு பெண்ணைப் படைத்த பின்னரும், அவளுடைய வீட்டை மீட்பதற்கு ஓர் ஆடவனின் பணம் வேண்டியிருந்தது என்பது கதையின் பலவீனம். பணம் கொடுத்தவனும் அவனே, வேலை கொடுத்தவனும் அவனே, காதலிப்பவனும் அவனே எனின், அவளால் அவனிடம் மனம் விட்டு இல்லை என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது குறை, கார் விபத்து, புற்றுநோய், பேச்சிழந்த குழந்தை, மறைக்கப்பட்ட இரகசியம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கதையில் அடுக்கியமை. கலகலப்பாக ஓடிவந்த கதை, நடுப்பகுதியிலே தலைவன் இரண்டு பெண்களுக்கிடையே மாறி மாறி அலைவதால் தளர்ந்துவிடுகின்றது. சில பகுதிகளில், சாம்சூனின் கதை எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருந்தது.

மூன்றாவது குறையே தலையாயது. அது தலைவனின் நடத்தையும், அதனை நாடகம் பார்க்கும் பார்வையும் ஆகும். சாம்சூனுக்கென ஏற்பாடாகிய பெண் பார்க்கும் சந்திப்பு ஒன்று நல்ல விதமாக நடந்துகொண்டிருக்கின்றது. ஜின்ஹொன் இடையிலே புகுந்து, அவளுடைய காதலன்போல நடித்து, அதனைக் கெடுத்துவிடுகின்றான். நாமும் சிரித்துவிடுகின்றோம். ஆயின் அங்கே கெட்டது ஒரு பெண்ணின் வாழ்வில் வந்த ஒரு வாய்ப்பு. அவன் அவளுடைய உடலையும் வயதையும் குறித்துக் குத்திப் பேசுகின்றான். கையைப் பற்றி இழுக்கின்றான். உரத்த குரலில் அதட்டுகின்றான். இவற்றையெல்லாம் காதலின் வேகமாகவே நாடகம் நமக்குக் காட்டுகின்றது. இங்கே நகையானது பக்கம் மாறிவிடுகின்றது. பிறர் எள்ளத் தான் நகுதல் என்னும் நிலை போய், தான் பிறரை எள்ளி நகுதல் என்னும் நிலை வந்துவிடுகின்றது. எள்ளுபவன் அழகனாகவும் செல்வனாகவும், ஹியூன் பின் போன்ற கவர்ச்சியுள்ள நடிகனாகவும் இருக்கும்போது, எள்ளல் அன்புபோலத் தோன்றிவிடும். இளம் பெண்கள் இதனைப் பார்க்கும்போது, கடுஞ்சொல்லுக்குப் பின்னால் காதல் ஒளிந்திருக்கும் என்று நம்பிவிடக்கூடாதே என்று நான் அஞ்சினேன்.

பருமன் பற்றிய பரிகாசமும் அத்தகையதே. திரையிலே நாம் காணும் சாம்சூன் உண்மையிற் பெரும் பருமன் உடையவள் அல்லள். நம் ஊரிலே அவளை நல்ல உடல்நலமுள்ள பெண் என்றுதான் சொல்வோம். அவளையே பருமன் என்று பதினாறு பகுதிகளிலும் சொல்லிக்கொண்டிருந்தால், பார்க்கும் பெண்களுக்குத் தம் உடலைப் பற்றி என்ன எண்ணம் உண்டாகும்?

வயதைப் பற்றியும் ஒரு சொல். சாம்சூனுக்கு முப்பது என்பது கொரியரின் பழைய கணக்கு. பிறந்த குழந்தைக்கு ஒரு வயது என்று தொடங்கி, புத்தாண்டு தோறும் எல்லோருக்கும் ஒரு வயதைக் கூட்டும் வழக்கம் அங்கே இருந்தது. 2023ஆம் ஆண்டு யூன் மாதத்திலிருந்து சட்ட அலுவல்களுக்கு உலகப் பொதுக் கணக்கே கைக்கொள்ளப்படுகின்றது. அஃது ஒருபுறமிருக்க, முப்பது வயதில் மணமாகாத பெண்ணென்பது அந்நாடகத்தில் நகைப்புக்கு இடமாகின்றது. நாடகம் ஒளிபரப்பான 2005இல் கொரியப் பெண்கள் முதன்முறை மணம் புரியும் சராசரி வயது ஏறத்தாழ 27.7 ஆக இருந்தது. 2023இல் அது 31.5 ஆகிவிட்டது. அன்று காலங் கடந்தவள் என்று நகைக்கப்பட்ட சாம்சூன், இன்று சராசரிக்கும் இளையவள். உலகம் மாறும்போது முதலில் ஊசிப்போகும் பண்டம் நகைச்சுவையே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த மாற்றத்தை அந்த நாடகத்தின் இயக்குநரும் உணர்ந்திருந்தார் போலும். பத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கிம் யூன்சொல் தாமே அப்பதினாறு பகுதிகளையும் எட்டாகச் சுருக்கித் தொகுத்து, வேவ் என்னும் இணையவழி நிறுவனத்தின் வாயிலாக மீண்டும் வெளியிட்டார். பழைய படைப்பொன்றை இக்காலத்துக்கு ஏற்பக் குறுக்கலாம். தளர்ந்த பகுதிகளை நீக்கலாம். சில கடுமைகளைக் குறைக்கலாம். ஆயின், கதையின் எலும்போடு கலந்துவிட்டதைக் கத்தரிக்கோலால் அகற்ற இயலாது. ஆகவே, பழைய நாடகத்தைப் பார்ப்போர் விழித்த கண்ணோடு பார்ப்பதே முறை. அன்று சிரித்தோம் என்பதற்காக இன்றும் சிரிக்க வேண்டிய கடமை நமக்கில்லை. இன்று சிரிக்கவில்லை என்பதற்காக அன்று சிரித்தவர்களை இகழவேண்டியதும் இல்லை.

அன்று அவர்கள் வாழ்ந்த காலத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். குடும்பத் தலைமை ஆண்வழியே செல்லவேண்டும் என்று விதித்த பழைய பதிவுமுறை, அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதே 2005ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில். அம்முறை 2008ஆம் ஆண்டு தொடக்கத்தில் முற்றாக ஒழிந்தது. அதே 2005ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஒருவர் தம் பெயரை மாற்ற விரும்பினால், தீய நோக்கம் இல்லாதவிடத்து அதனை அனுமதிப்பதே பொதுவிதி என்று தீர்த்தது. நாடகத்தால் இவை நிகழ்ந்தன என்று நான் கூறவில்லை. ஒரு பெண் தன் பெயரையும் தன் இடத்தையும் தானே தீர்மானிக்கலாமா என்று ஒரு சமுதாயம் முழுவதும் வினவிக்கொண்டிருந்த ஆண்டிலே சாம்சூன் வந்தாள் என்பதே நான் கூறவருவது.

இனி மலையுச்சிக் காட்சியொன்றையும் நாடகத்தின் முடிவையும் சொல்லுகின்றேன். தென்கோடியிலுள்ள ஜேஜு தீவிலே ஹல்லா மலை இருக்கின்றது. 1,947 மீற்றர் உயரமுள்ள அதுவே தென் கொரியாவின் மிக உயர்ந்த மலை. காதலும் தோற்று, மனமும் சோர்ந்த சாம்சூன், பழைய பெயரையும் பழைய துயரையும் அங்கே விட்டுவிட்டு வரும் நோக்கோடு தனியே அம்மலைமீது ஏறுகின்றாள். உச்சியிலே, விபத்தில் ஊறுபட்ட காலோடு ஏறிவந்த ஜின்ஹொன் நிற்கின்றான். அவளைச் சாம்சூன் என்றே அழைக்கின்றான். அவனுடைய குற்றங்களையெல்லாம் எண்ணி வைத்திருந்த நானும் அந்த இடத்தில் அவனைச் சற்று மன்னித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் நாடகத்தின் உண்மையான உயர்வு அந்த உச்சியில் இல்லை. இறுதிக் காட்சியிலேயே உள்ளது. திருமணத்தில் முடியவேண்டிய கதை திருமணத்தில் முடியவில்லை. தாயாரின் எதிர்ப்பும் தீரவில்லை. தலைநகரின் நம்சான் குன்றிலுள்ள படிக்கட்டிலே இருவரும் ஏறிச் செல்கின்றனர். நாமும் ஒருநாள் பிரிந்துவிடக்கூடும் என்று சாம்சூன் தனக்குள் எண்ணுகின்றாள். ஆனால் அதற்கு அஞ்சி இன்றே நின்றுவிடுவதில்லை. தன் தொழிலை நன்றாகச் செய்வது, மனம் நிறைய அன்பு செலுத்துவது, கிம் சாம்சூன் ஆகிய தன்னையே முதலில் நேசிப்பது ஆகிய இவை தன் கையில் உள்ளவை என்று தெளிகின்றாள். அந்தப் படிக்கட்டுக்குச் சாம்சூன் படிகள் என்னும் பெயர் மக்களிடையே வழங்கலாயிற்று. எந்தப் பெயரைக் கேட்டு எல்லோரும் நகைத்தார்களோ, அந்தப் பெயரே ஓர் இடத்தின் பெயராகியது.

ஆகவே என் முடிபு இது. 'என் பெயர் கிம் சாம்சூன்' குறையற்ற நாடகம் அன்று. அதன் தலைவி அதன் தலைவனிலும் பெரியவள். அதன் முடிவு அதன் நடுப்பகுதியிலும் சிறந்தது. தலைவனின் கடுமையைக் காதலென்று காட்டியதனால் அது தவறியது. தலைவியின் பெயரைத் தலைவியிடமே திருப்பித் தந்ததனால் அது வென்றது. பெற்றோர் இதனைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம். இவன் பேசியது சரிதானா, இங்கே நாம் சிரிக்கலாமா என்று இடையிடையே ஒரு வார்த்தை பேசிக்கொண்டு பார்த்தால், நாடகத்தின் குறையும் ஒரு பாடமாக அமையும்.

என் மாணவியின் செய்தியைச் சொல்லாமல் விடைபெறுதல் முறையன்று. பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு என்பதையும், அதற்குரிய வழி இன்னது என்பதையும் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். மாற்றாதே என்று நான் தடுக்கவில்லை. பெயர் அவளுடையது, அதனைச் சுமப்பவளும் அவளே. பின்னர், அவளுடைய பாட்டியார் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். நான் குறுக்கிடாமற் கேட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் சொன்னாள். அந்த அரை மணி நேரத்தில் பாட்டியாரின் பெயரைப் பலமுறை சொன்னாள், ஒருமுறையேனும் சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்லுகின்றேன், சேர் என்று கூறிப் போய்விட்டாள். அவள் என்ன முடிவு செய்தாலும் அது அவளுக்கு நல்லதாகவே அமையும் என்று நம்புகின்றேன்.

ஆனால் நான் ஒரு முடிவு செய்துகொண்டேன். வகுப்பிலே பெயர் கூப்பிடும்போது எந்தப் பிள்ளையின் பெயரையும் சுருக்காமல், திரிக்காமல், முகத்தில் நகை காட்டாமல், முழுமையாக அழைக்குமாறு என் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டேன். உங்கள் இல்லங்களிலும் அவ்வாறு செய்யுமாறு வேண்டி விடைபெறுகின்றேன்.